சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து

முகாமை ஏற்பாடு செய்தவர்கள் நாங்கள்தான். எங்கள் காலனி படிப்பகத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து செவிலியர் ஒருவர் வந்து மேசை போட்டு உட்கார்ந்தார். பத்தரை மணி வரை ஒருவரும் பக்கத்தில் வரவில்லை. ஊசி பயம் ஒரு பக்கம். "கீதுன்னு சொல்லிட்டா இருக்கிற நிம்மதியும் பூடும்" என்கிற பயம் இன்னொரு பக்கம். கூச்சத்தைப் போக்க முதல் ஆளாக விரலை நீட்டினாள் மகள். கருவியில் 312 என்று வந்தது. செவிலியர் முகத்தைப் பார்த்தார், கையைக் கழுவிவிட்டு வரச் சொன்னார், இன்னொரு விரலில் குத்தினார். 308.

வாசலில் நின்ற பெண்கள் எல்லாரும் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "படிச்ச பொண்ணுக்கே இப்டியா" என்று யாரோ சொல்ல, அடுத்ததாக அம்மாவைப் பிடித்துத் தள்ளிவிட்டார்கள். "எனக்கு இன்னாத்துக்கு, ஒடம்பு கல்லு மாதிரி கீது" என்றபடி உட்கார்ந்த அம்மாவுக்கு 346.

அதனால்தான் இந்தக் கட்டுரையை 'நாங்கள்' என்றே எழுதுகிறோம். தட்டச்சு செய்வது முப்பத்தைந்து வயது மகள். சமூகவியல் முதுகலை படித்தவள், பத்து வருடமாகக் களப்பணியில் இருப்பவள். பக்கத்தில் உட்கார்ந்து "அதை ஏன் எழுதற, இதை எழுது" என்று சொல்வது அம்மா. நகராட்சியில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். ஒரே மேசையில், ஐந்து நிமிட இடைவெளியில் எங்களுக்குச் சர்க்கரை வந்தது. வந்தது என்றா சொல்வது? எத்தனை நாளாக இருந்ததோ. மகளுக்கு இரவில் நான்கு முறை சிறுநீர் கழிக்க எழ வேண்டியிருந்தது, பஸ் பயணக் களைப்பு என்று நினைத்தாள். அம்மாவின் காலில் கண்ணாடிச் சில்லு கிழித்த புண் மூன்று வாரமாக ஆறவில்லை, மஞ்சள் வைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்தோம். எட்டு மணி நேரம் சாப்பிடாமல் இருந்து எடுக்கும் அளவு 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் நீரிழிவு. மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி 6.5 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தாலும் நீரிழிவு. மகளுக்கு ஹெச்பிஏ1சி 9.4, அம்மாவுக்கு 10.1. சிறுநீரகத்துக்கான சோதனைகளும் எடுத்தார்கள், அது இருவருக்கும் சரியாக இருந்தது. இதை ஏன் தனியாகச் சொல்கிறோம் என்பது கறிக் கதை வரும்போது புரியும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இன்டியாப் ஆய்வு 2023-இல் வெளியானபோது, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்றது. வகுப்பறையில் இந்த எண்ணைக் கேட்டால் 'பணக்கார வியாதி பரவிவிட்டது' என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடுவோம். எங்கள் தெருவில் காரும் இல்லை, ஏசியும் இல்லை. அம்மா தினமும் நான்கு மணி நேரம் தள்ளுவண்டி தள்ளுகிறார். 'உடலுழைப்பு குறைந்ததால் வரும் நோய்' என்று சுவரொட்டியில் படித்துவிட்டு, "அப்ப நான் தள்றது இன்னா, தேரா?" என்று கேட்டார்.

பாட்டி பட்டினி கிடந்தவள். கூலி கிடைக்காத மாதங்களில் கஞ்சித் தண்ணியும் கீரையுமாக இருந்து பிள்ளை பெற்றவள். 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் ஒரு பஞ்சம் வந்தது. அப்போது தாயின் வயிற்றில் இருந்த பிள்ளைகளை ஐம்பது வயதில் சோதித்துப் பார்த்தார்கள். சர்க்கரையைக் கையாளும் திறன் அவர்கள் உடலில் குறைந்திருந்தது. வயிற்றில் இருக்கும்போதே பசியைப் பார்த்த உடம்பு, பிறகு வயிறு நிறையச் சாப்பிடும்போது தடுமாறுகிறது. தெற்காசியர்களுக்கு ஒல்லியாக இருந்தாலும் நீரிழிவு வரும் என்பதும் மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான். எங்கள் வீட்டுக்கு இவை அப்படியே பொருந்தும் என்று நிரூபிக்க எங்களிடம் ஆய்வுக்கூடம் இல்லை. ஆனால் இதைப் படித்த இரவு அம்மாவிடம் விளக்கிச் சொன்னபோது அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ எங்கம்மா பசி எங்கிட்ட வந்து கீது" என்றார்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம், தோழர்களே. ரேஷன் அரிசியைக் கேலி பேசுகிறவர்களோடு எங்களைச் சேர்க்காதீர்கள். 2011-இலிருந்து தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்கு அரிசி இலவசம். அதற்கு முன்பு ஒரு ரூபாய் அரிசி, அதற்கு முன்பு இரண்டு ரூபாய். அந்த அரிசி இல்லையென்றால் மகள் முதுகலை படித்திருக்க மாட்டாள், ஏதாவது தோல் தொழிற்சாலையில் நின்றிருப்பாள். எங்கள் சிக்கல் வேறு. அரிசி மட்டும்தான் தட்டு நிறைய வந்தது. பருப்பு கொஞ்சம் வந்தது. முட்டை பள்ளிக்கூடத்தோடு நின்றுவிட்டது. கறி ஞாயிற்றுக்கிழமை. மற்ற ஆறு நாளும் சோற்றுக்கு மேல் ஒரு கரண்டி குழம்பு.

எவ்வளவு சோறு என்று பார்த்துவிடுவோம் என மளிகைக் கடை அண்ணனிடம் தராசை இரவல் வாங்கி வந்தோம். அம்மா வழக்கமாகப் போட்டுக்கொள்ளும் சோறு 420 கிராம். சமைத்த சோற்றில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 28 கிராம் மாவுச்சத்து. ஒரு வேளைக்கு 118 கிராம் ஆகிறது. மாவுச்சத்து முழுவதும் வயிற்றில் சர்க்கரையாகத்தான் உடைகிறது. அதைச் சர்க்கரையாக நினைத்துப் பார்த்தபோது தராசின் முன்னால் இருவரும் திகைத்துப்போனோம். "நான் டீக்குக்கூட அரை ஸ்பூன்தான் போடுவேன்" என்றார் அம்மா.

உணவு ஆலோசனைக்காக ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். பெயர் வேண்டாம், பெயர் மாற்றினால் எந்த மருத்துவமனைக்கும் பொருந்தும். அங்கிருந்த உணவு ஆலோசகர் அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுத்தார். காலை ஓட்ஸ், பதினொரு மணிக்கு நான்கு பாதாம், மதியம் கைக்குத்தல் அரிசி ஒரு கிண்ணம், பனீர், மாலை முளைகட்டிய பயறு, இரவு இரண்டு சப்பாத்தி. 'அசைவம் தவிர்க்கவும்' என்று அடிக்கோடு போட்டிருந்தது. அம்மா எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "ஏம்மா, மாட்டுக்கறி சாப்பிடலாமா? அதுல மாவு இல்லன்னு என் பொண்ணு சொல்லுது" என்று கேட்டார்.

அந்த முகத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கல்லூரி விடுதியில், வாடகைக்கு வீடு கேட்ட தெருவில், நேர்காணல் அறையில். ஒரு நொடிதான். அடுத்த நொடி அந்தப் பெண் சிரித்துக்கொண்டு, "அதெல்லாம் உடம்புக்குச் சூடும்மா, இந்த வயசுல வேணாம்" என்றார். கேட்டது சர்க்கரையைப் பற்றி, வந்த பதில் சூட்டைப் பற்றி. எந்தச் சோதனையில் இந்தச் சூடு தெரியும் என்று மகள் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. முந்நூறு ரூபாய் கொடுத்துவிட்டு வெளியே வந்தோம். பத்து வருடம் பிறருக்காக வாதாடியவள் தன் அம்மாவுக்காக வாய் திறக்காமல் வந்தாள். அதையும் இங்கே எழுதிவைக்கிறோம்.

அன்று மாலை ஒரு குளுக்கோமீட்டர் வாங்கினோம். கருவி விலை பெரிதில்லை. ஸ்ட்ரிப்தான் ஆளைத் தின்னும். ஐம்பது ஸ்ட்ரிப் உள்ள டப்பா ஒன்று அம்மாவின் இரண்டு நாள் கூலி. மாத்திரை அரசு தருகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து தருகிறார்கள், அது சின்ன விஷயமில்லை. வீட்டில் சோதித்துப் பார்ப்பது மட்டும் எங்கள் கைக்காசு. அதனால் கணக்காகச் செலவழித்தோம். ஒரு நாளைக்கு ஒரு சாப்பாட்டை எடுத்துக்கொள்வது, அதற்கு முன்னால் ஒரு குத்து, முதல் வாய் சாப்பிட்டதிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு குத்து. பழைய டைரி ஒன்றில் என்ன சாப்பிட்டோம், எவ்வளவு, எண் என்ன என்று எழுதுவது.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குச் சில விஷயங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் குத்த வேண்டும். வாழைப்பழம் உரித்த கையோடு ஒருமுறை எடுத்து 290 வந்து அலறினோம், கழுவிவிட்டு எடுத்தால் 170. விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. அம்மாவுக்கு அது முக்கியம், துடைப்பம் பிடிக்கும் கை. ஊசியை இன்னொருவரோடு பகிரவே கூடாது, அம்மா மகளாக இருந்தாலும். வீட்டுக் கருவி ஆய்வகத்தைவிடக் கொஞ்சம் கூடக் குறையக் காட்டும், ஐந்து பத்து வித்தியாசத்துக்கெல்லாம் மனம் உடைய வேண்டியதில்லை.

டைரியின் முதல் பக்கம் இட்லி. நான்கு இட்லி, சாம்பார். முன்பு 148, பின்பு 261. நோயாளிக்கு இட்லி என்று எத்தனை பேருக்கு வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறோம்! இரண்டாவது பக்கம் எங்களுக்கு இன்னும் வலித்தது. கேழ்வரகுக் களி. சிறுதானியம் நம் பாட்டன் உணவு, அதைச் சாப்பிட்டிருந்தால் சர்க்கரையே வந்திருக்காது என்று மகள் கூட்டங்களில் பேசியிருக்கிறாள். ஆர்வமாக இரண்டு உருண்டை களி, கருவாட்டுக் குழம்பு. பின்பு 247. கேழ்வரகிலும் அரிசியைப் போலப் பெரும்பகுதி மாவுச்சத்துதான். நார்ச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் கூடுதல், அது நல்லதுதான், ஆனால் இரண்டு உருண்டை இரண்டு உருண்டைதான். ஒரு சின்ன உருண்டையும் நிறையக் கீரையும் என்று மாற்றியபோது 176-க்கு வந்தது. மேடையில் பேசியதைக் கருவி திருத்தியது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மாட்டுக்கறி வறுவல், கூடவே குடல் கொஞ்சம், முருங்கைக்கீரைப் பொரியல், ஒரு சின்னக் கரண்டி சோறு. முன்பு 142. சாப்பிட்டுவிட்டு இருவரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தேர்வு முடிவுக்குக்கூட அப்படி உட்கார்ந்ததில்லை. அம்மாவுக்கு 151, மகளுக்கு 146. அம்மா கருவியைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அந்தப் பொண்ணுகிட்ட இத்த காட்டணும்" என்றார்.

காட்டவில்லை. ஆனால் சுகாதார நிலைய மருத்துவரிடம் டைரியைக் காட்டினோம். அவர் பொறுமையாகப் படித்தார். சிறுநீரகம் நன்றாக இருப்பதால் கறி, முட்டை, மீன் சாப்பிடலாம், கொழுப்பை வெட்டிவிட்டுச் சமையுங்கள், உப்புக்கண்டம் மட்டும் அடிக்கடி வேண்டாம், ரத்த அழுத்தம் ஏறும் என்றார். சிறுநீரகம் பழுதானவர்களுக்குப் புரத அளவு வேறு, அவர்கள் எங்கள் தட்டைப் பார்த்துச் சாப்பிடக்கூடாது என்றும் சொன்னார். உடம்புக்குச் சூடு என்று அவர் சொல்லவில்லை.

2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகம் ஒரு பிரியாணித் திருவிழா நடத்தப் பார்த்தது நினைவிருக்கும். ஊரே மாட்டுக்கறி பிரியாணி தின்னும் ஊர், திருவிழாவில் அது மட்டும் இல்லை. எதிர்ப்பு கிளம்பியதும் மழையைக் காரணம் காட்டித் தள்ளிவைத்தார்கள். ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது. அப்போது நாங்களும் கண்டித்துப் பேசினோம். அன்று அது எங்களுக்கு உரிமைப் பிரச்சினை. ஒரு கிலோ பனீர் விலைக்கும் பாதாம் விலைக்கும் பக்கத்தில் மாட்டுக்கறி விலையை எழுதிப் பார்த்த பிறகுதான், மாவு குறைத்துச் சாப்பிட வேண்டிய ஏழைக்கு அது மருந்துச் செலவுக் கணக்கும்கூட என்று தெரிந்தது. இப்போது எங்கள் தட்டு இப்படி: காலையில் இரண்டு முட்டை, வேகவைத்த பயறு கொஞ்சம், மதியம் ஒரு கரண்டி சோறு, அதைவிட மூன்று மடங்கு காய் அல்லது கீரை, ஏதாவது கறியோ மீனோ, இரவு ஒரு தோசை அல்லது சுண்டல், நடுவில் பசித்தால் ஒரு பிடி வேர்க்கடலை. வாரத்தில் இரண்டு நாள் வாங்கும் கறியை நான்கு நாளைக்கு நீட்டுகிறோம். கத்தரிக்காய், சுரைக்காய், முருங்கை எதுவும் எங்களை ஏமாற்றவில்லை.

இனி, நாங்கள் செய்த தப்பு. இதை மறைத்தால் இந்தக் கட்டுரைக்கே அர்த்தமில்லை.

அம்மாவுக்கு மெட்ஃபார்மினோடு கிளிமிபிரைடு என்ற மாத்திரையும் கொடுத்திருந்தார்கள். மகளுக்கு மெட்ஃபார்மின் மட்டும். எண்கள் இறங்கிய உற்சாகத்தில், ஒரே வாரத்தில் அம்மாவின் சோற்றை 420 கிராமிலிருந்து 100 கிராமுக்குக் கொண்டுவந்துவிட்டோம். மருத்துவரிடம் சொல்லவில்லை. கிளிமிபிரைடு, நாம் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்கச் செய்துகொண்டே இருக்கும் மாத்திரை. முன்பு சாப்பிட்ட சோற்றுக்குக் கணக்குப் பார்த்துக் கொடுத்தது. சோறு போய்விட்டது, மாத்திரை அப்படியே இருந்தது.

அம்மா காலை ஐந்தரைக்குக் கிளம்புகிறவர். அன்று மாத்திரையும் சர்க்கரை போடாத டீயும் மட்டும். ஒன்பது மணிக்குக் கடைவீதியில் வண்டியை விட்டுவிட்டு நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார். வியர்வை, கை நடுக்கம், வார்த்தை குழறல். மேஸ்திரி வந்து பார்த்துவிட்டு, எல்லார் முன்னாலும், "காலையிலயே ஊத்திக்கினு வந்துட்டியா?" என்று கேட்டார். பூக்கடை வைத்திருக்கும் அக்காதான் ஓடிப்போய் டீயில் நிறையச் சர்க்கரை போட்டு வாங்கி வந்து குடிக்க வைத்து, மகளுக்குப் போன் செய்தார். மகள் கருவியோடு போய்ச் சேர்ந்து எடுத்தபோது, டீ குடித்த பிறகும் 61. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. இன்னும் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடம் காத்திருந்து மறுபடி எடுத்தோம். 94. அம்மாவுக்குப் பேச்சு தெளிந்ததும் முதலில் சொன்னது, "நான் குடிக்கலன்னு அவங்கிட்ட சொல்லு."

சொன்னோம். கருவியை மேஸ்திரி முகத்துக்கு நேராகக் காட்டியே சொன்னோம். அவர் நம்பினாரா என்று தெரியாது, அரை நாள் கூலி போனது போனதுதான். மதியம் மருத்துவர் எங்களைத் திட்டினார், திட்ட வேண்டியதுதான். கிளிமிபிரைடை நிறுத்தினார். மாவுச்சத்தைக் குறைக்கப்போகிறோம் என்றால், குறைப்பதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லி மாத்திரை அளவை மாற்ற வேண்டும், இன்சுலின் போடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும் என்றார். மாத்திரையைத் தானாக நிறுத்துவதும் இதே அளவு தப்பு. செல்போனில் நாலு காணொளி பார்த்துவிட்டு அம்மாவின் உடம்பில் சோதனை செய்தவள் முதுகலை படித்தவள் என்பதை, படிக்கிற பிள்ளைகள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது அம்மாவின் இடுப்புச் சுருக்குப்பையில் வெற்றிலையோடு நான்கு சர்க்கரைப் பொட்டலம் இருக்கிறது. பூக்கடை அக்காவுக்கும் கூட வேலை செய்யும் மூன்று பேருக்கும் அடையாளங்களைச் சொல்லி வைத்திருக்கிறோம்: வியர்வை, நடுக்கம், குழறல், திடீர்க் கோபம். இது குடி இல்லை.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் அம்மாவோடு வேலை செய்யும் பெண்கள் வாய் திறந்தார்கள். பதினோரு பேரில் நான்கு பேருக்குச் சர்க்கரை. இரண்டு பேர் மாத்திரையைக் காலையில் போடுவதில்லை. காரணம் கேட்டால், மாத்திரைக்குச் சம்பந்தமே இல்லாத பதில் வந்தது: வேலை செய்யும் வீதியில் கழிப்பறை இல்லை. சர்க்கரை ஏறினால் அடிக்கடி சிறுநீர் வரும், ஆகவே காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. தண்ணீர் குடிக்காததால் வாய் உலர்ந்து, பதினொரு மணிக்கு டீக்கடையில் சர்க்கரை டீ. மாத்திரை போட்டால் வயிறு கலக்கும், எங்கே போவது என்ற பயம். ஊரின் கழிப்பறைகளைக் கழுவுகிறவர்களுக்கு ஒதுங்க இடமில்லை. 'நோயாளி ஒத்துழைப்பின்மை' என்று மருத்துவக் குறிப்பில் எழுதுவார்கள். மகள் ஒரு காலத்தில் தன் ஆய்வறிக்கையில் அந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறாள், மேற்கோள் குறிகூட இல்லாமல்.

கால் இன்னொரு கதை. நீரிழிவில் கால் நரம்பு மரத்துப்போகும், கண்ணாடி ஏறினாலும் தெரியாது. அவர்களுக்குக் கொடுத்த காலணி மூன்று மாதத்தில் கிழிந்துவிட்டது. பாதுகாப்புக் காலணி, வீதிக்கு அருகில் கழிப்பறை, வேலை நடுவே மாத்திரைக்கும் உணவுக்கும் இருபது நிமிடம். மூன்று கோரிக்கை எழுதி, பதினோரு பேரும் கையெழுத்துப் போட்டு, ரத்தச் சர்க்கரை அளவுகளை இணைத்து மனு கொடுத்திருக்கிறோம். சாதாரணமாக மனுவோடு புகைப்படம் இணைப்போம், இந்த முறை எண்கள். காலணி வந்துவிட்டது. கழிப்பறைக்கு அலைந்துகொண்டிருக்கிறோம்.

நம் இயக்கத் தோழர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை, கோபிக்காதீர்கள். வன்கொடுமை நடந்த ஊருக்குப் போகிறோம், முதல் தகவல் அறிக்கை பதியும் வரை காவல் நிலைய வாசலில் நிற்கிறோம். பன்னும் டீயும், டீயும் பன்னும். இரவு பதினொரு மணிக்குப் பரோட்டா. ஒரு நாளைக்கு ஒன்பது டீ குடித்த நாட்கள் மகளுக்கு உண்டு. உடம்பைக் கவனிக்கிறவன் பாதிப் போராளி என்று ஒரு எண்ணம் நம்மிடையே இருக்கிறது. கூட்டத்துக்கு நடுவே விரலில் குத்திப் பார்த்தால், "என்ன தோழர், அதுக்குள்ள வயசாயிடுச்சா?" என்று சிரிக்கிறார்கள். போன மாதம் ஒரு பயிற்சி மையத்தில் மூன்று நாள் முகாம். பாடத்தில் ஒன்று உணவு உரிமை. சமையலறை சுத்த சைவம்: மூன்று வேளையும் சோறு, சாம்பார், கேசரி. வீட்டிலிருந்து கொண்டுபோன அவித்த முட்டையை வளாகத்துக்குள் சாப்பிடக்கூடாது என்றார்கள். கேட்டுக்கு வெளியே நின்று, முட்டை உரித்துச் சாப்பிட்டுவிட்டு, உள்ளே போய் உணவு உரிமை பற்றி வகுப்பு எடுத்தாள் மகள். அடுத்த முகாமுக்கு இடம் பிடிக்கும்போது சமையலறையைப் பற்றி முதலில் கேளுங்கள்.

நான்கு மாதம் கழித்து மறுபடி ரத்தம் கொடுத்தோம். மகளுக்கு 9.4 இப்போது 6.6. அம்மாவுக்கு 10.1 இப்போது 7.5. ரத்தசோகை இருந்தால் அந்த எண் பிசகலாம் என்று மருத்துவர் அம்மாவுக்கு அதையும் சேர்த்துப் பார்த்தார். நம் பெண்களில் பலருக்கு ரத்தசோகை உண்டு, நீங்களும் கேட்டுப் பாருங்கள். காலில் இருந்த புண் ஆறி, தழும்பு மட்டும் இருக்கிறது. எல்லாம் வெற்றி என்று சொல்ல மாட்டோம். ஸ்ட்ரிப் இல்லாத வாரங்கள் உண்டு. கல்யாண வீட்டில் அம்மா சோற்றைப் பார்த்த பார்வையில் மகள் தலையைத் திருப்பிக்கொண்டதும் உண்டு. "வயிறு ரொம்புது, மனசு ரொம்பல" என்று இரவில் சொல்வார். அறுபது வருடம் சோற்றுக்காக உழைத்த உடம்பிடம் சோறு வேண்டாம் என்று சொல்வது லேசான காரியமில்லை.

ஏப்ரல் 14 அன்று படிப்பகத்தில் மாலை போட்டு, கொடி ஏற்றி, எல்லாருக்கும் கேசரி கொடுத்தோம். மாலைக்குப் பின்னால் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டு மகள் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி சொன்னாள். பாபாசாகேப்புக்கும் சர்க்கரை இருந்தது. காலில் நரம்பு வலியால் தூங்காமல் தவித்தார். 1948 ஏப்ரலில் மருத்துவர் சாரதா கபீரை மணந்துகொண்டது, உடம்பு நொடிந்துபோயிருந்த காலத்தில்தான். அதே ஆண்டு நவம்பர் 4-ஆம் தேதி அரசியலமைப்பு வரைவை அவையில் வைத்தார். 'புத்தரும் அவர் தம்மமும்' நூலுக்கு எழுதிய முன்னுரையில், தன் உயிரை நீட்டித்ததற்காக மனைவிக்கும் மருத்துவர் மால்வங்கருக்கும் நன்றி சொல்கிறார். நாம் கைநீட்டி நிற்கும் சிலையாகவே அவரைப் பார்த்துவிட்டோம். 65 வயதில் போய்விட்டார்.

பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா ஓரமாக நின்று, காகிதத் தட்டிலிருந்த கேசரியில் ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் போட்டதை மகள் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து அம்மாவே வந்து விரலை நீட்டினார். 163.

"அவரு பொறந்த நாளு, ஒரு ஸ்பூன்தான்" என்றார். பிறகு படத்தைப் பார்த்துவிட்டு, "அவரயும் திங்க வுட்டிருக்க மாட்டாங்க, பாவம்" என்று சொல்லிக்கொண்டே டைரியை எடுத்துத் தன் கையெழுத்தில் எழுதினார்: கேசரி, 1 ஸ்பூன், 163.